கைகோர்வைக்கு வராதவன்

அந்தப் பையை எடுத்து நான் மடியில வெச்சுக்கறேன், நீ உக்காரு கண்ணு. சன்னலோரம் வந்துரு. வேண்டாமா? எனக்குக் காத்து ஆகாது, நீ இப்படி வா. அட வா சாமி, எதுக்குக் கூச்சப்படற. ஆங், அப்படி.

எம் பையன் உக்காந்து வர வேண்டிய எடம் அது. அவன் வரலைன்னு தெரிஞ்சுதான் பஸ் ஏறுனேன். ஆனாலும் கை தானாப் போய்ப் பையை வெச்சு எடம் புடிச்சிருச்சு. என்னத்தச் சொல்ல.

நீ எங்க போற? பல்லடமா? நான் காரணம்பேட்டையில எறங்கி டவுன் பஸ் புடிக்கோணும். படிக்கறயா? என்னது, டீச்சரா? அய்யோ, பாத்தா காலேஜ் புள்ளையாட்ட இருக்கவும் வா போன்னு பேசிட்டேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எந்த வகுப்புக்கு எடுக்கறீங்க? பத்தாவதா. அப்ப வயசுப் பசங்க குணமெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

டீச்சருன்னா நாயம் தெரிஞ்சவங்க. உங்ககிட்டயே கேக்கறேன். கூடப் பொறந்த அக்காளுக்குக் கண்ணாலம். நாளன்னிக்கு முகூர்த்தம். இவன் ஒரே தம்பி. ஒரு நாளைக்கு வந்து மணவறையில உக்காந்துட்டுப் போடான்னு பெத்தவ தேடிப் போய்க் கூப்புடறா. வர மாட்டேங்கறான். இது அடுக்குங்களா?

எங்க இருக்கறானா? ஐதராபாத்துல. கம்பெனி ட்ரெய்னிங். ஊர்ல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறோம். நீங்க அசலூரு, உங்ககிட்டச் சொன்னா என்ன ஆகப் போவுது. இங்கதானுங்க இருக்கறான், மலையடிவாரத்துல. குடியை நிறுத்தறதுக்குன்னு ஒரு மையம் இருக்குதில்ல, அதுல. இருவது வயசு.

மூஞ்சியத் திருப்பாதீங்க டீச்சர். நீங்க நெனைக்கற மாதிரிப் பையன் இல்லீங்க அவன். தரணிதரன்னு பேரு, தரணிம்போம். ஒரு ஆளு மனசு நோக நடக்கத் தெரியாது. நான் அப்படி வளத்துனேன். ஒறம்பரை, சொந்தபந்தம் ஊட்டுக்குப் போனா, அவங்க குடுக்கறதை வேண்டாம்னு சொல்லக் கூடாது. குடுக்கறவங்களை மூஞ்சியில அடிக்கற மாதிரி அது. சின்னதுல ஒருக்கா எங்க பெரியம்மா ஊட்டுல, இட்டிலி போதும்னு எலையைக் கையால மறிச்சான். தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனேன், ஆருக்கும் தெரியாம. கண்ணுல தண்ணி முட்டிருச்சு. தின்னான். அதுக்கப்பறம் எந்த ஊட்டுலயும் அவன் வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதில்லை. நோம்பிக்கு நாலு ஊடு ஏறி எறங்குனா நாலு ஊட்டுலயும் பாயசம் குடிப்பான். எங்கூட்டு வாசலுக்கு வந்து வாந்தி எடுப்பான். எங்க நாத்துனா சொல்லுவாங்க, "பூங்கொடி, புள்ளைய வளத்துனா உன்னையாட்ட வளத்தோணும்"னு. அப்பேர்ப்பட்ட பையன்.

இந்தாங்க, கச்சாயம். வெடியால எந்திரிச்சு அவனுக்குன்னு சுட்டது. வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்களாம், தூக்குப்போசியோட திருப்பிக் குடுத்துட்டாங்க. எடுத்துக்கங்க. இப்பத்தான் சாப்புட்டீங்களா? அதனால என்ன, ஒண்ணே ஒண்ணு. கையைப் பின்னால இழுத்தா எப்படி? எனக்கு மனசு சங்கடமா இருக்குமில்ல. ஆங், கடிச்சுப் பாருங்க. நல்லா இருக்குதில்ல? இன்னொண்ணு எடுத்துக்கங்க. பரவால்ல, எடுத்துக்கங்க.

எங்க விட்டேன். ஆங். அந்த மையத்துல ஒரு மேடம் இருக்கறாங்க. பசங்களை உக்கார வெச்சுப் பேசறதுதான் அவங்க வேலை. எப்ப ஆரம்பிச்சதுன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. காலேஜ்லதான், ஆஸ்டல்லதான்னு சொன்னேன். "அதுக்கு முன்னால ஊட்டுல ஆராச்சும் குடுத்தாங்களா?"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம். எங்கூட்டுல அந்த வாடையே கெடையாதுங்க. எங்கூட்டுக்காரரு தறிக்குடோன் உண்டு, சோறு உண்டுன்னு இருக்கற மனுசன். ஒரு பீடி குடிக்க மாட்டாரு.

ஒருக்கா, ஒரே ஒருக்கா, நோம்பியன்னிக்கு நடந்துச்சு. அதையெல்லாம் ஆரம்பம்னு சொல்லுவாங்களா? இவன் அதைப் போய் அந்த மேடத்துகிட்டச் சொல்லி வெச்சிருக்கறான்.

என்னன்னா டீச்சர், எங்க கொழுந்தனாரு வெள்ளிங்கிரிக்கும் எங்களுக்கும் கெணத்துத் தண்ணியில தகராறு. பொதுக் கெணறு. அவரு ஒரு மோட்டார் போட, எங்கூட்டுக்காரரு ஒரு மோட்டார் போட, பேச்சு வார்த்தை நின்னு போச்சு. எதுக்கெதுக்கா, வாசலும் வாசலும் பாத்தாப்பல ஊட்டை வெச்சுக்கிட்டு மொகம் பாக்கறதில்லை. அந்த வருசம் மாரியாத்தா நோம்பிக்குத்தான் பெரியவங்க பேசி ஒண்ணு சேத்தி வெச்சாங்க. கெடா வெட்டு. மத்தியானம் ஆம்பளைங்க எல்லாம் தோட்டத்துச் சாளையில உக்காந்திருந்தாங்க. தரணி அப்பத்தான் பன்னெண்டாவது முடிச்சிருந்தான். கொழுந்தனாரு ஒரு டம்ளர்ல பீரை ஊத்தி, "இந்தாடா, பெரிய மனுசனாயிட்டே"ன்னு நீட்டியிருக்கறாரு. இவன் "வேண்டாஞ் சித்தப்பா"ன்னுட்டான்.

அவரு விட்டாரா? நான் பந்தியில சோறு போட்டுட்டு இருக்கறேன், நேரா எங்கிட்ட வந்துட்டாரு. "பாத்தீங்களா அண்ணி, உங்க பையன் எங் கையில வாங்க மாட்டானாம். இன்னும் உங்களுக்கெல்லாம் மனசு ஆறலையாட்ட இருக்குது"ங்கறாரு. கரண்டியக் கீழ வெச்சுட்டேன். அன்னிக்குத்தான் ஒரே பந்தியில உக்காந்திருக்கறோம், இந்தப் பையன் கெடுத்துருவானாட்ட இருக்குதேன்னு. தரணியைத் தனியாக் கூப்புட்டேன். "கண்ணு, சித்தப்பா மனசு நோகக் கூடாது. நீ குடிக்க வேண்டாம், சும்மா வாயில வெச்சுட்டு வெச்சுரு"ன்னேன். "எனக்கு அது புடிக்கலைம்மா"ன்னான். "எனக்காக"ன்னேன். அவ்வளவுதான், போயிட்டான். கொழுந்தனாருக்கு ஒரே சந்தோசம். முழு டம்ளரும் குடிச்சானாம், இன்னொண்ணும் ஊத்திக் குடுத்தாராம்.

கெணத்துச் சண்டை அதோட தீந்து போச்சுங்க. இன்னிக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே மோட்டார்ல தண்ணி பாச்சறாங்கன்னா, அன்னிக்கு நான் பக்குவமா நடந்துக்கிட்டதுதான் காரணம். ஒருத்தராச்சும் அதை ஒரு வார்த்தை சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க.

கெடுத்தது காலேஜுதான். ஆஸ்டல்ல ஒரு ரூம்ல நாலு பேரு. பொறந்தநாளு வந்தா ட்ரீட்டு, பரிச்சையில பாஸ் ஆனா ட்ரீட்டு, பெயிலானாலும் ட்ரீட்டு. இவன் மொதல்ல கூல்டிரிங்ஸை வெச்சுக்கிட்டு ஓரமாத்தான் உக்காந்திருந்தானாம். "பால்வாடிப் பையன்டா"ன்னு சிரிச்சிருக்கறாங்க. "எங்களை மட்டமா நெனைக்கறயா"ன்னு சண்டைக்கு வந்திருக்கறாங்க. அதுக்கெல்லாம் அவன் அசையலை. யஷ்வந்த்துன்னு ஒருத்தன், ஈரோட்டுப் பையன், இவனுக்கு உசுரு. அவன் தோள்ல கையைப் போட்டு, "எனக்காக ஒண்ணே ஒண்ணு மச்சான்"ம்பானாம். அப்படிக் கேட்டா எம் பையன் எப்படிங்க மாட்டேன்னு சொல்லுவான்? எப்படித்தான் கண்டுபுடிக்கறாங்களோ, ஒரு பையனை எந்த வார்த்தையில மடக்கறதுன்னு. பாவிக.

யஷ்வந்த்தைத் திட்டக் கூடாது. செத்துட்டான்.

ஒரு ஞாயித்துக்கெழமைங்க. சீனியர் பையன் ஒருத்தன் வாடகைக்கு எடுத்திருந்த ஊட்டுல கூடியிருக்குதுங்க. பட்டப் பகல்ல. தண்ணி கலக்காம ஆரு வெரசாக் குடிக்கறாங்கன்னு பந்தயம். யஷ்வந்த் குடிச்சுட்டே இருந்திருக்கறான். கண்ணு சொருகிருச்சாம், பேச்சுக் கொழறுதாம். அப்பவும் டம்ளரை நீட்டி, "ஊத்துடா தரணி"ன்னிருக்கறான். பாட்டில் இவன் கையில. போதும்னு தோணுச்சாம் இவனுக்கு. ஆனா ஊத்திட்டான். என்ன பண்ணுவான், கேட்டா குடுக்கற பையன்.

குடிச்சதும் அந்தப் பையன் அப்படியே விழுந்துட்டான். எழுப்புனா எந்திரிக்கலை. ஒடம்பு சில்லுனு இருந்துச்சாம், ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சாம். மூச்சு விட்டு விட்டு வந்துச்சாம். ஒருத்தன் ஆம்புலன்சுக்குப் போன் போடலாம்னிருக்கறான். இன்னொருத்தன், "போன் போட்டாக் காலேஜுக்குத் தெரிஞ்சுரும், எல்லாருக்கும் டிஸ்மிஸ்தான். தூங்குனாத் தெளிஞ்சுரும், கம்முனு இருங்கடா"ன்னிருக்கறான். எல்லாரும் கம்முனு இருந்துட்டாங்க. எம் பையனும். மல்லாக்கப் போட்டு, போர்வையப் போத்தி, கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்துட்டாங்க. பொழுதோட, இருட்டற நேரத்துக்குப் போய்த் தொட்டுப் பாத்தா வெறைச்சுக் கெடக்கறான். வாந்தி வந்து தொண்டையில அடைச்சிருக்குது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பக்கத்துலயே ஒரு ஆளு இருந்து, அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாப் பொழச்சிருப்பான்னு அந்த மேடம் சொல்றாங்க. குடிச்சுட்டு எழுப்ப முடியாமக் கெடந்தா அது தூக்கமில்லைம்மா, வெசம் ஏறுனதுங்கறாங்க. சாராயத்துல அப்படி ஒண்ணு இருக்குதுன்னு எங்களுக்கு ஆரு சொன்னா? குடிச்சவன் தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிருவான்னுதான் ஊரே நெனைக்குது. நீங்க உங்க பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுங்க டீச்சர்.

எழவுக்கு நானும் போயிருந்தேன். யஷ்வந்த்தோட அம்மா எம் பையன் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. திட்டலை, அடிக்கலை. "நீயாச்சும் போதும்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி"ன்னாங்க. அதையே சொல்லிட்டு இருந்தாங்க. எனக்குத் தாங்கலை. புள்ளையப் பறிகுடுத்தவங்கதான், இல்லைங்கலை. ஆனா உங்க பையன் கேட்டான், எம் பையன் குடுத்தான். இதுல எம் பையன் பேர்ல என்ன தப்பு? அவன் கையைப் புடுங்கிக் கூட்டிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் கார்ல அவன் அந்தக் கையவே பாத்துட்டு வந்தான்.

அதுக்கப்பறந்தாங்க மோசமாப் போச்சு. கூட்டாளிகளோட குடிச்சவன் தனியாக் குடிக்க ஆரம்பிச்சான். காலேஜுக்கே போறதில்லை. வெடியால காப்பி டம்ளரைத் தூக்குனாப் பாதி தட்டத்துல சிந்தும், அப்படி நடுக்கம். ஒரு வாய் குடிச்சாத்தான் அந்தக் கை நிக்கும். சோறு எறங்கறதில்லை. டாக்டர்கிட்டக் காட்டுனா ஈரல் வீங்கியிருக்குதுங்கறாரு. மீசை சரியா மொளைக்காத பையனுக்கு ஈரல் வீக்கம். நான் செய்வினைன்னு நெனச்சு மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். எங்கூட்டுக்காரரு ஒரு நாளு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, சட்டைத் துணியக் கூட எடுக்காம, அவனைக் கூட்டிட்டுப் போய் அங்க சேத்திட்டு வந்துட்டாரு.

அந்த நேரம் பாத்துத்தான் ஹேமாவுக்கு இந்தச் சம்மந்தம் வந்துச்சு. பொண்ணு பேரு ஹேமப்பிரியா. தாராபுரத்துக்காரங்க, கொழுந்தனாரு கொண்டு வந்த எடம். தோட்டம், ரைஸ் மில்லு எல்லாம் இருக்குது. இவ என்னடான்னா, நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்துட்டு வந்து, "அம்மா, அவரு வாயில வாடை வருது. எனக்கு வேண்டாம்"ங்கறா. தம்பியப் பாத்துப் பாத்து இவளுக்கு எல்லாரையும் அப்படியே தோணுது. விசேசத்தன்னிக்கு வயசுப் பசங்க நாலு பேரு சேந்தா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. கொழுந்தனாரு கொண்டு வந்ததை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மறுக்கா கெணத்துல வந்து நிக்கும். "எனக்காகச் சரின்னு சொல்லு கண்ணு"ன்னேன். ரெண்டு நாளு மொகத்தைத் தூக்கி வெச்சிருந்தா. அப்பறம் சரின்னுட்டா. நல்ல பொண்ணு.

எங்க சனத்துல கைகோர்வைன்னு ஒரு சீர் உண்டுங்க. உங்க பக்கம் இருக்குதோ என்னமோ. தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளையும் பொண்ணோட கூடப் பொறந்தவனும் எதுக்கெதுக்கா உக்காந்து கையைக் கோத்துக்குவாங்க. அப்பறந்தான் மங்கல வாழ்த்துப் பாடறது. எங்க பொண்ணை உங்களுக்குக் குடுக்கறோம், நாங்க பின்னால இருக்கறோம்னு அதுக்கு அர்த்தம். தம்பிக்காரன் உசுரோட இருக்கும்போது பங்காளி பையனை உக்கார வெச்சாச் சனம் என்ன பேசும்? ஐதராபாத்துல இருந்து ஒரு நாளு லீவு கெடைக்கலையான்னு கேக்க மாட்டாங்களா? எப்படியாச்சும் கண்டுபுடிச்சிருவாங்க. எங்கூட்டுக்காரரு "அவனைக் கூப்புடாதே, விட்டுரு"ன்னுதான் சொன்னாரு. அவருக்கென்ன. அவருக்குத் தெரியாமத்தான் நான் இன்னிக்குப் பட்டு வேட்டி சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டேன். இதோ, பையில இருக்கறது அதுதான்.

நான் போனப்ப அங்க ஹால்ல ஒரு வகுப்பு. சன்னல் வழியாப் பாத்தேன். எதுக்கெதுக்கா ரெண்டு சேர். ஒண்ணுல எம் பையன். எதுக்கால தாடி வெச்ச ஒரு ஆளு, கையில டம்ளர். பச்சத் தண்ணிதான். அவரும் ஒரு காலத்துல குடிச்சுத் திருந்துன ஆளாம். "குடி மச்சான்"ங்கறாரு. இவன் "வேண்டாம்"ங்கறான். "ஒண்ணே ஒண்ணு." "வேண்டாம்." "அப்ப என்னை மதிக்க மாட்டே?" இவனுக்கு வேத்துக் கொட்டுது. நாக்கு ஒட்டிக்குது. கை தானா டம்ளருக்குப் போகுது. சுத்தி இருக்கற பசங்க "சொல்லுடா தரணி, சொல்லுடா"ங்கறாங்க. வாயில இருந்து வர மாட்டேங்குது. அந்த ஆளு சலிக்காம மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கறாரு.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. மருந்து மாத்திரை குடுத்துச் சரி பண்ணுவாங்கன்னு பாத்தா நாடகம் நடத்தறாங்க. அதுவும் என்ன நாடகம்? பெரியவங்க ஒண்ணு நீட்டுனா வாங்கிக்கோணும்னு நான் சின்னதுல இருந்து சொல்லிச் சொல்லி வளத்துனேன். அதைக் கலைக்கறதுக்குன்னு ஒரு எடம், அதுக்கு ஒரு வாத்தியாரு.

அந்த மேடத்துகிட்டக் கேட்டேன். "மருந்து கை நடுக்கத்தை நிறுத்தும்மா. ஒருத்தன் டம்ளரை நீட்டும்போது மருந்து வந்து பேசாது, இவன்தான் பேசோணும். இப்பத்தான் பழகறான். கண்ணால மண்டபம் இவனுக்கு இப்ப ஆகவே ஆகாது, இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்"னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு எம் பொண்ணுக்கு மறுக்காவா கண்ணாலம் வெப்பாங்க? ஒரு நாளு, நான் பக்கத்துலயே இருப்பேன்னேன். கடைசியில, "நாங்க புடிச்சு வெக்கலைம்மா. அவனையே கேளுங்க"ன்னாங்க. எனக்கு அப்பவே மனசு லேசாயிருச்சு. நான் கேட்டு அவன் எப்ப வராம இருந்திருக்கறான்?

வெளிய சிமெண்ட் பெஞ்சுல வந்து உக்காந்தான். கன்னம் கொஞ்சம் தேறியிருக்குது, கண்ணுல செவப்புப் போயி வெளுத்திருக்குது. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அக்காளோட சேலை கலர் சொன்னேன், சமையக்காரரு ஆருன்னு சொன்னேன். சிரிச்சான். "மாப்பிள்ளை போன் பண்ணுனாரு கண்ணு. மச்சானைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துருங்க அத்தைன்னாரு. முந்துன நாளே உனக்காகன்னு தனியா ரூம் போட்டிருக்கறாராம், பசங்கெல்லாம் காத்துட்டு இருக்கறாங்களாம்"னு சொன்னேன். எவ்வளவு பிரியம் இருந்தா அப்படிச் சொல்லுவாரு? இவன் மொகம் சுண்டிப் போச்சு.

"அம்மா, அங்க வந்தா நான் குடிச்சிருவேன்"னான்.

"எதுக்குக் குடிக்கறே? சும்மா வாயில வெச்சுட்டு வெச்சுரு. மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது பாரு, அக்கா வாழப் போற எடம்"னேன்.

என்னைப் பாத்தான் டீச்சர். அப்படி ஒரு பார்வை. ஆரோ அசலாளைப் பாக்கற மாதிரி. அப்பறம் கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேல உக்காந்துக்கிட்டான். "வரலைம்மா"ன்னான்.

"எனக்காக வா கண்ணு"ன்னேன்.

நெத்தியெல்லாம் வேர்வை. "வேண்டாம்மா."

"அப்ப நான் உனக்கு அம்மா இல்லையா?"

"அம்மாதான். வேண்டாம்."

நான் அழுதேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம், அவன் காலைத் தொடப் போனேன். பெத்தவ. எந்திரிச்சுப் பின்னால போயிட்டான். அவனும் அழுகறான், அழுதுக்கிட்டே வேண்டாம் வேண்டாம்ங்கறான். அந்தத் தாடிக்காரரு வராந்தாவுல நின்னு பாத்துட்டு இருக்கறாரு. ஒரு தாயும் மகனும் இப்படி நின்னு அழுகறதைப் பாத்து அந்த மனுசன் மொகத்துல சந்தோசம். நான் கண்ணால பாத்தேனுங்க. எம் பையன் நேரா அவருகிட்டப் போனான், அவரு அவனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. எனக்கு மனசு பொக்குனு போயிருச்சு. வேட்டியப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டேன்.

நீங்க எதுக்குங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? உங்களுக்கும் அவன் பண்ணுனது சரின்னு தோணுதா? பெத்தவ மனசு உங்களுக்கு இப்பத் தெரியாது. ஒரு புள்ளையப் பெத்து, அது உங்க மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லும்போது தெரியும்.

சூலூர் தாண்டிட்டமா? அப்ப நான் எறங்கற எடம் வந்துரும்.

பஸ் ஏறறதுக்கு முன்னால ஹேமாவுக்குப் போன் போட்டேன். "உந் தம்பி வர மாட்டேனுட்டான் கண்ணு"ன்னு சொல்லிட்டு அழுதேன். அவளும் அழுவான்னு நெனச்சேன். "நீ கேட்டுமா வேண்டாம்னான்?"னா. "ஆமா, எத்தனை தடவை கேட்டேன், அத்தனை தடவையும்"னேன். "அப்பாடா"ங்கறா. கண்ணாலப் பொண்ணு. கைகோர்க்கத் தம்பி வரலைன்னு சொல்றேன், அப்பாடாங்கறா. "ஏங்கண்ணு அப்படிச் சொல்றே?"ன்னு கேட்டேன். "அவனுக்காச்சும் சொல்ல வந்துச்சேம்மா"ன்னா. அவ்வளவுதான், வெச்சுட்டா.

அதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. நானும் அதையே நெனச்சுட்டு வர்றேன், ஒண்ணும் புடிபடலை. மறுக்கா கூப்புட்டேன், எடுக்கலை. இன்னிக்கு மருதாணி வெக்கற நாளு. ரெண்டு கையிலயும் வெச்சு விட்டிருப்பாங்க. கையை அசைக்க முடியாதில்லைங்களா.